தாய்க்கோழி இல்லாத குஞ்சும் ஒரு குண்டு பல்பும்

கொங்குப் பக்கத்தில் தோட்டத்துக் குடியிருப்பு இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அவயத்தில், அதாவது முட்டை மேல் அடையாகப் படுத்திருந்த கோழியைக் கீரி பிடித்துவிடும், இல்லையென்றால் நாய் கடித்துப் போட்டுவிடும். முட்டைகள் பொரிகிற நேரமாக இருக்கும். ஈரம் காயாத நாலைந்து குஞ்சுகள் கூடைக்குள் கத்திக்கொண்டு கிடக்கும். வேறு சில வீடுகளில், வாரச் சந்தையில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிவந்த கலர்க் குஞ்சு வந்து நிற்கும். எப்படி வந்து சேர்ந்தாலும், தாய் இல்லாமல் இது பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

பிழைக்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலும் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் வளர்கிற லட்சக்கணக்கான குஞ்சுகளில் ஒன்றுகூடத் தாயைப் பார்த்ததில்லை. தாய்க்கோழி எதை எதற்காகச் செய்கிறது என்று புரிந்துகொண்டால், அதில் பெரும்பகுதியை வீட்டில் கிடக்கிற அட்டைப்பெட்டியிலேயே நாம் செய்துவிடலாம்.

குஞ்சைக் கண்டதும் எல்லோரும் தீனி தேடி ஓடுகிறார்கள். அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. கோழி முட்டை பொரிய 21 நாள். கடைசி ஓரிரு நாளில், முட்டையில் மீந்திருக்கும் மஞ்சள் கரு அதன் பையோடு சேர்ந்து தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அந்தச் சேமிப்பு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். கொழுப்பு, புரதம், அதோடு தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதில் உண்டு. ஓர் அடையில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரியாது. கடைசி முட்டை பொரியும் வரை கோழி எழுந்திருக்காது, முதலில் வந்த குஞ்சு அதுவரை பட்டினியாகக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கான கட்டுச்சோறுதான் இந்த மஞ்சள் கரு. பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடுக்கி வெளியூருக்கு வண்டியேற்ற முடிவதும் இதனால்தான். தொப்புள் முழுக்கக் காய்ந்து மூட ஓரிரு நாள் ஆகும். அந்த வழியில் கிருமி போனால் உள்ளே இருக்கும் மஞ்சள் கரு கெட்டு, குஞ்சு செத்துவிடும். அதனால் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது, பெட்டியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

சூடு மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காது.

40 கிராம் குஞ்சையும் ஒன்றரைக் கிலோ கோழியையும் எடுத்துக்கொள்வோம். உருவம் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். கணக்குப் போட்டால், ஒரு கிராம் எடைக்குக் குஞ்சுக்கு இருக்கும் தோல்பரப்பு பெரிய கோழிக்கு இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வருகிறது. உடம்புச் சூடு வெளியேறுவது அந்தத் தோல் வழியாகத்தான். மேலே மூடியிருப்பதும் மென்மையான தூவிதான், இறகு இல்லை. பெரிய கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பொரிந்த குஞ்சுக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அந்தச் சூட்டைச் சொந்தமாகக் காப்பாற்றிக்கொள்ளும் சக்தி அதற்குப் பத்துப் பதினைந்து நாளில்தான் படிப்படியாக வருகிறது. அதுவரைக்கும் சுற்றியிருக்கும் காற்று குளிர்ந்தால் குஞ்சும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குஞ்சு தீனி எடுக்காது, தண்ணீர் குடிக்காது. தீனியைக் கண்டும் கொத்தாத குஞ்சுக்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம்.

தாய்க்கோழி இதை எப்படிச் சமாளிக்கிறது? அவயத்துக்கு உட்காரும்போது அதன் நெஞ்சு, வயிற்றுப் பக்கத்து இறகுகள் உதிர்ந்து தோல் வெளியே தெரியும். அங்கே ரத்த ஓட்டம் கூடும். முட்டையும் குஞ்சும் நேராக அந்தச் சூடான தோலில் படும். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோழி தன் குஞ்சைச் சுற்றியிருக்கும் உலகம் முழுவதையும் சூடாக்குவதில்லை. அதன் அடிவயிறு ஒன்றுதான் சூடு. ஒரு தப்படி வெளியே வந்தால் சாதாரணக் காற்று. குஞ்சு வெளியே வரும், கொத்தும், ஓடும், உடம்பு குளிர்ந்ததும் திரும்பி உள்ளே நுழையும், சூடு போதுமென்று ஆனதும் மறுபடி தலையை நீட்டும். எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் குஞ்சுதான் முடிவு செய்கிறது. நாம் செய்யும் ஏற்பாட்டிலும் அந்த உரிமை அதனிடமே இருக்க வேண்டும். பெட்டி முழுக்க ஒரே சீராகச் சூடு ஏற்றுவதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு.

அதனால் பெட்டி கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். ஒரு கோடியில் பல்பு, மறு கோடி ஆறலாக. குண்டு பல்புதான் வேண்டும். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது, வெளிச்சம் கொஞ்சம்தான். மின்சாரத்தை வீணாக்குகிறது என்று அதை வீட்டிலிருந்து ஒதுக்கினோம், இங்கே அந்த வீணான வெப்பம்தான் நமக்குத் தேவை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பண்ணைகளில் குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்று கணக்கு வைப்பார்கள். நாலைந்து குஞ்சுகள் மட்டும் என்றால் அந்தக் கணக்கு பத்தாது, 40 அல்லது 60 வாட் பல்பு வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடலாம். பல்புக்கு நேர் கீழே, குஞ்சின் முதுகு மட்டத்தில், முதல் வாரம் 35 டிகிரி இருக்க வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம், பல்பை உயர்த்தி உயர்த்திக் குறைத்துக்கொண்டே வரலாம். பல்பை அதன் ஒயரில் மட்டும் தொங்கவிடாதீர்கள், தனியாக ஒரு கம்பியிலோ சங்கிலியிலோ கட்டுங்கள். உமி மேல் விழுந்த பல்பு கொட்டகையையே எரித்துவிடும்.

வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு உரத்துக் கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரங்களுக்கு ஒதுங்கி, இறக்கையைத் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய் வழியாக ஆவியை விட்டுத்தான் உடம்பைத் தணிக்க முடியும். பெட்டியெங்கும் பரவி, சில தின்ன, சில கால் நீட்டித் தூங்க, மெல்லிய கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டால் எல்லாம் சரி. குஞ்சுகள் நெருக்கி ஏறிக்கொள்வது மூலையில்தான், அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் சாகும். பண்ணையில் தகரத்தை வட்டமாக வளைத்து அடைப்பது மூலையே இருக்கக் கூடாது என்பதற்காக. நாம் பெட்டியின் நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்துச் செருகிவிடலாம்.

நாலாவதாக இன்னொரு நிலை உண்டு, அது எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கும். போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்து கூப்பிட்டாள். "பல்பு போட்டும் கத்திக்கிட்டே இருக்குதுங்கண்ணா, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் குஞ்சுகள் பல்புக்கு அடியிலும் இல்லை, ஓரங்களில் சிதறியும் இல்லை. எல்லாம் கிழக்குச் சுவரோடு ஒட்டி ஒரே பக்கமாகக் குவிந்திருந்தன. பல்பு நல்ல சூடாகத்தான் இருந்தது. குனிந்து பெட்டிக்குள் கை வைத்தேன். தகரக் கதவின் சந்திலிருந்து மெலிசாகக் காற்று வந்து விரலில் பட்டது. "பல்பை ஒண்ணும் பண்ண வேண்டாம் அம்மிணி, மேக்கால ஒரு சாக்கைக் கட்டு" என்றேன். சாக்கைக் கட்டிய கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கி, ஒவ்வொன்றாகப் பல்புப் பக்கம் நகர்ந்துவிட்டன.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் நெருக்குண்டு வேகமெடுத்து நம் பக்கம் வருகிறது. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். குஞ்சின் தூவிக்குள் மெல்லிய காற்றடுக்கு ஒன்று சிக்கி நிற்கும். அதன் சூட்டுக்கு இருக்கிற ஒரே போர்வை அதுதான். கணவாய்க் காற்று அந்த அடுக்கைக் கலைத்துக்கொண்டே இருந்தால் பல்பு எவ்வளவு எரிந்தாலும் பத்தாது. ஆடியில் மேற்குப் பக்கம் படுதா கட்டாமல் குஞ்சு வைக்காதீர்கள். அதற்காக எல்லாப் பக்கமும் மூடிவிடவும் கூடாது, எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக் குழாயையும் கெடுக்கும். தரை மட்டத்தில் காற்று வீசக் கூடாது, மேலே திறந்திருக்க வேண்டும். சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கம் பகல் வெயிலே போதும், பல்பை அணைத்துவிட்டு ராத்திரிக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். மார்கழி ராத்திரிக்குப் பல்போடு மேலே ஒரு சாக்கும் வேண்டும், பல்பில் படாதபடி. கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய அறையில் கரியைப் பற்றவைத்து வைப்பது ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, குஞ்சையும் ஆளையும் சேர்த்தே கொல்லும்.

தரைக்குத் தேங்காய் மஞ்சியோ நெல் உமியோ ஈரமில்லாமல் இரண்டு அங்குலத்துக்குப் போடலாம். முதல் இரண்டு நாள் அதையே தீனி என்று கொத்தும், அதனால் மேலே ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். வழவழப்பான தாளைத் தனியாக விரிக்க வேண்டாம். கால் பிடிப்பில்லாமல் இரண்டு பக்கமும் வழுக்கி, குஞ்சு தவளைபோல் கால் விரித்துக்கொண்டு எழ முடியாமல் போகும்.

தீனிக்கு முன்னால் தண்ணீர். கோழிக்கு உறிஞ்சத் தெரியாது. அலகில் அள்ளி, தலையைத் தூக்கி, தொண்டைக்குள் வழியவிடும். தாய் குடிப்பதைப் பார்த்துக் குஞ்சு பழகும். நாம் ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து, அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுக்க வேண்டும், மூக்குத் துளை நனையக் கூடாது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸோ வெல்லமோ கலந்து முதல் நாள் கொடுக்கலாம். பாத்திரம் ஆழமில்லாத மூடியாக இருக்கட்டும், உள்ளே கூழாங்கல் போட்டுவிடுங்கள். அரை அங்குலத் தண்ணீரில்கூடக் குஞ்சு விழுந்து நனைந்து, குளிரில் செத்துப்போகும்.

கொத்துவது பிறவிக் குணம், எதைக் கொத்துவது என்பது பழக்கம். தாய் "கொக் கொக்" என்று வேகமாகக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு மணியை எடுத்து எடுத்துக் கீழே போடும், குஞ்சு ஓடிவந்து அதைக் கொத்தும். தீனியின் மேல் உங்கள் விரல் நுனியால் தட்டிக் காட்டுங்கள், அதே மாதிரி ஓடிவரும். ஒரு குஞ்சு கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் அதைப் பார்த்துப் பழகிவிடும்.

குஞ்சுக்குத் தீனியில் 20 சதவீதத்தை ஒட்டிப் புரதம் வேண்டும். கடையில் குஞ்சுத் தீவனம் என்றே கேட்டு வாங்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அரிசிக் குருணை, கம்பு மட்டும் போட்டால் வயிறு நிறையும், ஆனால் புரதம் பாதியளவுதான் வரும், இறகு முளைப்பது தள்ளிப்போகும். தாய்க்கோழி குப்பையைக் கிளறிப் புழு பூச்சி காட்டுவது இந்தக் குறையைத்தான் ஈடுகட்டுகிறது. அதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. உடைந்த மண்பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, சோளத்தட்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிட்டால், காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்னும். கடலைப் புண்ணாக்கில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பூஞ்சணம் பிடித்ததில் இருக்கும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது காரணம் தேடித்தான் அந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். தீவனத்தில் கலந்திருந்தது கடலைப் புண்ணாக்கு.

தினமும் ஒரு தடவை குஞ்சைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுக்க வேண்டும். பிய்த்து எடுத்தால் தோலோடு வரும்.

ஒற்றைக் குஞ்சாக இருந்தால் இன்னொரு சிரமம். பொரிவதற்கு முந்தின நாளே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும், தாயும் பதில் கொடுக்கும். வெளியே வந்த முதல் ஓரிரு நாளில், அசைகிற எதைப் பார்க்கிறதோ அதைத் தாயென்று மனதில் பதித்துக்கொண்டு பின்னாலேயே போகும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரன்ஸ் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார், 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப் பதிந்துபோன குஞ்சு, நீங்கள் அறையை விட்டு வெளியே போனாலே உடைந்த குரலில் கத்தும். கத்திக் கத்தித் தீனியை விட்டுவிடும். கூட ஒரு குஞ்சு கிடைத்தால் வாங்கிவிடுவது நல்லது. கிடைக்கும் வரை ஒரு சின்னக் கண்ணாடியைப் பெட்டிக்குள் சாய்த்து வைக்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, அக்கம்பக்கத்தில் இப்போதுதான் பொரித்த கோழி இருந்தால் ராத்திரி இருட்டில் அதன் அடியில் மெதுவாகத் தள்ளிவிடுவது. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். காலையில் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள், கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் நாளையொட்டி வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு மருந்து. கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், வெயிலில் வந்த மருந்து வெறும் தண்ணீர். மூன்றாவது வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக் கழிச்சல். ஈர மஞ்சியில் பெருகும் நுண்ணுயிர் அதற்குக் காரணம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த மஞ்சியை அன்றன்றைக்கே அள்ளி எறிந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடிவிடும். முதலில் பகலில் பல்பை நிறுத்துங்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டு ராத்திரியிலும் நிறுத்தலாம். வெயில் ஏறியதும் வாசலில் கொடாப்பு என்கிற கோழிக்கூடையைப் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் இருக்கும் கோழிகள் நாலைந்து நாள் வெளியிலிருந்து பார்த்துப் பழகின பிறகு திறந்துவிட்டால் கொத்து கம்மியாக இருக்கும். காக்கையும் பருந்தும் வரும்போது எச்சரிக்கைக் குரல் கொடுக்கத் தாய் இல்லை, அதனால் இரண்டு மாசம் வரைக்கும் ஆள் பார்வையில்தான் மேய விட வேண்டும்.