பெரிய அளவில் அளந்தால் கடற்கரை நீளுமா?

தேவிபட்டினத்தில் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்டுப்படகுக்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நம்ம தமிழ்நாட்டுக் கடற்கரை 906 கிலோமீட்டரா இருந்தது 1,068 ஆயிருச்சாம்ல. எங்கிட்டு மண்ணு சேர்ந்துச்சு?"

வாங்கிப் பார்த்தேன். எண்கள் சரிதான். இந்தியக் கடற்கரையின் நீளம் வெகுகாலமாக 7,516 கிலோமீட்டர் என்றே பாடப்புத்தகத்தில் இருந்தது. உள்துறை அமைச்சகத்தின் 2023–24 ஆண்டறிக்கையில் அது 11,098 கிலோமீட்டர் ஆகிவிட்டது. செய்தி எழுதியவர் காரணமும் ஒரு வரியில் போட்டிருந்தார். 'இம்முறை பெரிய அளவில் அளக்கப்பட்டதால் நீளம் அதிகரித்துள்ளது.'

"பெரிய அளவுலன்னா, நெறைய ஆளைப் போட்டு அளந்தாங்களோ?" என்றார் அவர்.

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. தமிழில் அந்தத் தொடருக்கு அதுதான் பொருள். பெரிய அளவில் கூட்டம், பெரிய அளவில் பாதிப்பு, பெரிய அளவில் மீன்பாடு. எழுதியவர் சொல்ல வந்ததோ வேறு. முன்பு 1:45,00,000 என்ற ஸ்கேலில் உள்ள படத்தை வைத்து அளந்தார்கள், இப்போது 1:2,50,000 படத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். இரண்டாவது படம் 'லார்ஜ் ஸ்கேல்'. அதைப் 'பெரிய அளவு' என்று பெயர்த்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தப் பெயர்ப்பை நான் கேட்பது எத்தனையாவது முறையோ தெரியாது. நில அளவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தவன் நான். இனிமேலும் சும்மா இருந்தால் டீ செரிக்காது.

முதலில் சொல்லின் வேர், சுருக்கமாக. ஆங்கிலத்தில் ஸ்கேல் என்பது ஒரு சொல் இல்லை, ஒரே எழுத்துக்கூட்டில் வந்து சேர்ந்த மூன்று சொற்கள். மீன் செதிலைக் குறிப்பது பழைய பிரெஞ்சு வழி வந்தது. தராசுத் தட்டைக் குறிப்பது வடக்கே நோர்ஸ் மொழியில் கிண்ணமாக இருந்தது. படத்தின் ஸ்கேல் லத்தீனின் ஸ்காலா, அதாவது ஏணி. படிப்படியாகக் கோடு கிழித்த அளவு என்பதால் அந்தப் பெயர். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கோ ஸ்கேல் என்றால் கோடு போடுகிற அடிமட்டம்தான். இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று 'வரைபடச் செதில்' என்று போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாம்பனில் மீன் ஆய்கிற அக்காமார்களிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, படத்தின் ஸ்கேல் என்றால் என்ன? தரையில் உள்ள தூரம் தாளில் எத்தனை மடங்கு சுருங்கியிருக்கிறது என்பது. 1:45,00,000 என்றால் தாளில் 1 மில்லிமீட்டர், தரையில் நாலரை கிலோமீட்டர். பாம்பன் கால்வாய் சுமார் 2 கிலோமீட்டர் அகலம். அந்தப் படத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது. பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீளும் தீவு, 7 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடை, பேனா பட்ட புள்ளி. 1:2,50,000 படத்தில் அதே கால்வாய் 8 மில்லிமீட்டர், தீவு 12 சென்டிமீட்டர். உள்வாங்குகிற ஒவ்வொரு குடாவும் கழிமுகமும் அதில் கோடாக வளையும். வளைவையெல்லாம் சேர்த்து அளந்தால் நீளம் கூடத்தானே செய்யும். மண் எங்கும் சேரவில்லை.

இதைப் 'பெரிய' என்று சொல்வதில் கணக்குப்படி ஒரு நியாயம் உண்டு. நாலாயிரத்தில் ஒன்று, ஐம்பதாயிரத்தில் ஒன்றைவிடப் பெரிய பின்னம். ஆகவே 1:4,000 பெரிய ஸ்கேல், 1:50,000 சிறிய ஸ்கேல். வாத்தியார் ஒருவர் இதை எனக்கு விளக்கி வாயை அடைக்கப் பார்த்தார். ஐயா, சரிதான். ஆனால் பின்னத்தை மனதில் வைத்துக்கொண்டு யார் பேப்பர் படிக்கிறார்கள்? ஆங்கிலத்திலேயே இந்த இடத்தில் தடுக்கி விழாதவர் குறைவு. தமிழில் 'பெரிய அளவில்' என்பதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருப்பதால் இங்கே குழி இரட்டை ஆழம்.

கடலோர நில வகைப்பாடு பற்றிய ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். மேசையில் இரண்டு படங்கள். "எல்லையைப் பெரிய அளவிலான படத்தில்தான் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பாசி எடுக்கிற பெண் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணே, பெரிய படத்துல எங்க ஊரு எங்கிட்டுத் தெரியும்? எங்க ஊரு மட்டும் இருக்கிற சின்னப் படத்தைக் காட்டச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது எது தெரியுமா? அந்தப் 'பெரிய அளவிலான' படத்தைத்தான். மாவட்டம் முழுக்கத் தெரிந்த தாளைப் 'பெரிய படம்' என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? இது சொல் விளையாட்டு இல்லை. கரையோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வகுத்த 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மேலாண்மைத் திட்டத்துக்கு 1:25,000 படமும், ஊர் மட்டத்துக்கு 1:4,000 அல்லது கிராமப் புல வரைபடத்துக்கு இணையான படமும் கேட்டது. அரை மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எல்லைக் கோடு போட்டால் முதல் படத்தில் கோடே பன்னிரண்டரை மீட்டர் அகலம், அதாவது ஒரு வீடு. இரண்டாவதில் 2 மீட்டர். தப்பான தாளைப் பார்த்தால் வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

இனி மற்ற சொற்களைப் பார்ப்போம். பள்ளிப் பாடநூல் 'அளவை' என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அளவை என்றால் சர்வே. நில அளவை, மறு நில அளவை, நில அளவர். பட்டா வாங்க அலைந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். '1:5,000 அளவையில் செய்த நில அளவையின் அளவைப் படம்' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். போதாததற்கு மணிமேகலையில் அளவைவாதி என்றால் தர்க்கம் பேசுகிறவர். அந்தச் சொல்லுக்குத் தலையில் ஏற்கெனவே இரண்டு குடம். மூன்றாவதை ஏற்றியவர் யாரோ, ஒருநாளும் தாலுகா ஆபீஸ் படி ஏறாதவர் என்று மட்டும் சொல்வேன்.

'அளவுகோல்' என் மனதுக்கு நெருக்கமான சொல். பதினாறு சாண் கோல், உலகளந்த கோல் என்று கல்வெட்டுகளில் கோல்களுக்குப் பெயரே உண்டு. கோயில் சுவரில் கோலின் நீளத்தை வெட்டி வைத்து, சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். படத்தின் அடியில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக வரைந்து 0, 5, 10 கிலோமீட்டர் என்று போடுகிறோமே, அது கோலேதான். அதற்கு அளவுகோல் என்ற பெயர் இருக்கட்டும். ஆனால் 1:50,000 என்ற விகிதம் கோல் இல்லை. அளவுகோல் இப்போது தகுதிக்கும் ஒழுக்கத்துக்கும் போய்விட்டது வேறு கதை.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைப் பாடநூல்களில், 'அளவுத்திட்டம்' என்கிறார்கள். இங்கே சிலர் இதைக் கேலி செய்வார்கள், திட்டம் என்றாலே அரசாங்கம் அறிவிக்கிற திட்டம்தான் என்று நினைத்துக்கொண்டு. 'திட்டமாகச் சொல்' என்றால் துல்லியமாகச் சொல் என்று பொருள். அந்தத் திட்டம் இது. நல்ல சொல்தான், நம் பக்கம் பழைய பொருள் மங்கிவிட்டதால் இங்கே நடமாட வழியில்லை.

நான் சொல்வது 'வீதம்'. இன்னும் விளக்கமாக வேண்டுமென்றால் 'சுருக்க வீதம்'. பழைய கிராம வரைபடங்கள் மைலுக்குப் பதினாறு அங்குலம் வீதம் வரைந்தவை. கணக்குப் போட்டால் 1:3,960. மெட்ரிக் முறை வந்ததும் அது 1:5,000 ஆயிற்று. மைலுக்கு ஓர் அங்குலம் என்றால் 1:63,360. இந்திய நில அளவைத் துறையின் அந்தப் பழைய தாள்களுக்குப் பதிலாக இப்போது 1:50,000 வந்துவிட்டது. வீதம் என்ற சொல்லை யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கூலிக்கும் வட்டிக்கும் பங்குமீன் பிரிப்பதற்கும் அன்றாடம் வாயில் வருவது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் முகம் சுளித்து 'விழுக்காடு' என்றார். விழுக்காடு நூற்றுக்கு என்று ஆகிப் பல காலமாயிற்று. தூய்மை எனக்கும் பிடிக்கும், ஆனால் புரிந்த பிறகு.

லார்ஜ், ஸ்மால் இரண்டையும் பெயர்க்கவே கூடாது என்பது என் கட்சி. கடலிலிருந்து கரையை நோக்கி வருகிறவரைக் கேளுங்கள். எட்ட இருக்கும்போது கரை முழுக்கத் தெரியும், ஆனால் பாம்பன் கலங்கரை விளக்கமும் ஒரு கறுப்புக் கோடும்தான். கிட்ட வந்தால் கொஞ்ச இடம்தான் கண்ணுக்குள் நிற்கும், ஆனால் எந்த வீட்டு வாசலில் வலை காய்கிறது என்று தெரியும். 1:50,00,000 எட்டப் படம். 1:4,000 கிட்டப் படம். 'கிட்ட' கொச்சையாம். கிட்டப்பார்வை என்று அறிவியல் பாடத்தில் எழுதும்போது கூச்சமில்லை, இங்கே மட்டும் கொச்சை. வேண்டுமானால் அண்மைப் படம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சேய்மைப் படம் மட்டும் வேண்டாம், குழந்தை போட்டோ என்று நினைத்துவிடுவார்கள்.

கணினிக்கு வந்தால் சிக்கல் இன்னொரு சுற்று சுற்றுகிறது. தாளில் வீதம் அச்சோடு நின்றுவிடும். திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தால் வீதம் மாறிக்கொண்டே போகிறது. அதனால் 'டிஜிட்டல் படத்துக்கு ஸ்கேல் கிடையாது' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். உண்டு. திரையில் அந்த நேரத்தில் தெரிவது திரை வீதம். அந்தக் கரையோரக் கோட்டை எந்தப் படத்திலிருந்து இழுத்தார்களோ, எந்த நுணுக்கத்துக்காகத் தயாரித்தார்களோ, அது மூல வீதம். விரல் முதலாவதைத்தான் மாற்றும். இரண்டாவது தரவுத்தொகுப்போடு பிறந்தது.

என் அக்கா மகன் கல்லூரிப் பாடத்துக்காக இலவசமாகக் கிடைத்த ஓர் உலகக் கரையோரத் தரவை இறக்கி, மண்டபத்தை விரித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "மாமா, நம்ம வீடு கடலுக்குள்ள இருக்கு!" தரவில் தப்பில்லை. அது ஒரு கோடிக்கு ஒன்று வீதத்தில் செய்தது. அதில் அரை மில்லிமீட்டர் என்பது 5 கிலோமீட்டர். உலகத்தை ஒரு தாளில் அடக்கச் செய்ததைத் தெருவைத் தேடப் பயன்படுத்தினால் வீடு கடலுக்குள் போகாமல் என்ன செய்யும்? நேச்சுரல் எர்த் என்ற பொதுத் தரவுத்தொகுப்பை ஒரு கோடி, ஐந்து கோடி, பதினொரு கோடிக்கு ஒன்று என மூன்று வீதங்களில் தனித்தனியாகவே கொடுக்கிறார்கள், எது எதற்கு என்று குழம்பாமல் இருக்கத்தான். கப்பலில் உள்ள மின்னணுக் கடல்வரைபடக் கருவி இன்னும் கறார். மூல வீதத்தைத் தாண்டி விரித்தால், அளவு மீறிவிட்டாய் என்று எச்சரித்துத் திரையில் செங்குத்துக் கோடுகளைப் போட்டுவிடும். கைப்பேசி அப்படி எதுவும் சொல்லாது. விரிக்க விரிக்கக் கோட்டைப் பளபளப்பாகவே காட்டும். நம் மென்பொருள் தமிழாக்கத்திலோ ஜூமுக்கும் 'பெரிதாக்கு', லார்ஜ் ஸ்கேலுக்கும் 'பெரிய அளவு'. பையன் இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. ரெசல்யூஷனைத் 'தீர்மானம்' என்று போட்ட ஒரு கையேடு வீட்டில் கிடக்கிறது. செயற்கைக்கோள் படத்தின் தீர்மானம் 10 மீட்டர் என்றால், யார் முன்மொழிந்தார்கள், யார் வழிமொழிந்தார்கள்? பிரிதிறன் என்று நல்ல சொல் இருக்கிறது. உருண்டை உலகத்தைத் தட்டைத் தாளில் விரிக்கிற புரொஜெக்‌ஷனைக் 'கணிப்பு' என்று எழுதியவரும் அதே ஆள்தான். பொருளைப் பார்க்காமல் அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டுவது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது, பக்கத்துக்கு இவ்வளவு வீதம் கூலி.

படகுக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "முன்னாடி எட்டப் படத்துல அளந்தாங்கண்ணே. இப்ப கிட்டப் படத்துல அளந்திருக்காங்க. நெளிவு சுளிவெல்லாம் கணக்குல வந்துருச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இன்னுங் கிட்டப் போயி அளந்தா இன்னும் நீளும்ல?"

"நீளும்."

செய்தித்தாளை மறுபடி விரித்து விரலை வைத்தார். முன்பு நம்மைவிட நீளமாக இருந்த ஆந்திரா இப்போது 1,053. "தாண்டிட்டோம் போல. நம்ம ஆளுக நண்டு வளை நண்டு வளையா அளந்தா குஜராத்தையும் பார்த்துரலாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.