ட்ரெயில் ரன்னிங் ஷூ: தமிழ்ல என்ன பேரு, அது அவசியம்தானா?

ரோட்டை விட்டு மண், கல்லு, காட்டு வழியில ஓடுறதுக்குன்னு விக்கிற ஷூவுக்குத்தான் ட்ரெயில் ரன்னிங் ஷூன்னு பேரு. ட்ரெயில்ங்கிற சொல்லோட வேர் இழுக்கிறதுல இருக்கு. லத்தீன்ல ட்ராஹெரேன்னா இழுக்கிறது, அதுக்குச் சொந்தம்னு கருதப்படுற ட்ராகுலாங்கிற சொல் இழுவலையைக் குறிச்சுது, அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்து 14ஆம் நூற்றாண்டுல தரையில இழுபட்டுக்கிட்டே வர்ற நீள உடுப்போட நுனிக்கு ட்ரெயில்னு பேராச்சு. 16ஆம் நூற்றாண்டு கடைசில மிருகம் விட்டுட்டுப் போன சுவடும் வாசனையும் ட்ரெயில் ஆச்சு, வேட்டை நாய் மோந்துக்கிட்டே பின்னாடி போகும்ல, அது. காட்டுல ஆளும் மிருகமும் நடந்து நடந்து விழுந்த வழிங்கிற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அமெரிக்காவுல சேர்ந்துது. ட்ராக்டர், தரைப் பிடிமானத்தைச் சொல்ற ட்ராக்‌ஷன் எல்லாம் இதே ட்ராஹெரே வகையறாதான். ஷூ விளம்பரத்துல ட்ரெயிலும் ட்ராக்‌ஷனும் எப்பவும் ஒட்டிக்கிட்டே வர்றது தற்செயல்தான், ஆனா சொந்தக்காரங்கதான்.

இந்தச் சொல் ஒரு வழி எப்படி உண்டாச்சுன்னு சொல்லுதே தவிர காலை வைக்கிற தரை எப்படி இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல, குழப்பமே இங்கதான். காஞ்சு இறுகின மண்ணும் ட்ரெயில்தான், கணுக்கால் வரைக்கும் உள்ள இழுக்கிற சேறும் ட்ரெயில்தான், உருண்டு ஓடுற சரளை, நனைஞ்ச பாறை, வேர் பின்னிக்கிடக்கிற காட்டுத்தரை எல்லாமே அதுக்குள்ள வந்துடுது. இட்ரான்னு சுருக்கமா சொல்ற சர்வதேச ட்ரெயில் ரன்னிங் சங்கம் 2013-ல ஆரம்பிச்சது, அவங்க வரையறைப்படி ஓட்டம் இயற்கையான இடத்துல நடக்கணும், தார், கான்கிரீட் போட்ட பகுதி மொத்த தூரத்துல 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அப்போ 50 கிலோமீட்டர்ல 10 கிலோமீட்டர் தார் ரோடா இருந்தாக்கூட அது ட்ரெயில் ஓட்டம்தான். இப்படி ஒரு சொல்லை ஷூ டப்பா மேல அச்சடிச்சுட்டு இது வேணுமா வேண்டாமான்னு கேட்டா யாரால பதில் சொல்ல முடியும், எந்தத் தரைன்னு முதல்ல சொல்லுங்கன்னுதான் திருப்பிக் கேக்கணும்.

சரி தமிழ்ல என்ன சொல்லலாம்? உடனே நாக்குல வர்றது தடம். அர்த்தம் அச்சு அசலா பொருந்துது, காலடிச் சுவடும் தடம்தான், நடந்து விழுந்த வழியும் தடம்தான், ட்ரெயில் மாதிரியே ரெண்டு வேலையும் செய்யுது. ஆனா தடகளம்ங்கிற சொல்லுல தடத்தை ஏற்கனவே ஸ்டேடியத்துக்குள்ள இருக்கிற 400 மீட்டர் ட்ராக்குக்குக் கொடுத்தாச்சு, இப்போ தடவோட்டம்னு சொன்னா கேக்கிறவங்க நேரா மைதானத்துக்குப் போயிடுவாங்க, நாம சொல்ல வந்ததுக்கு நேர் எதிர். பாதையோட்டம்னு சிலர் எழுதுறாங்க, அது ரொம்ப மொட்டையா இருக்கு, தார் போட்டதும் பாதைதானே. காட்டோட்டம்னா மரமே இல்லாத மேட்டுல ஓடுறவங்களை என்ன செய்றது. ஒற்றையடிப்பாதை ஓட்டம் சரியான சொல்தான், ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போக முடியும்ங்கிறது வரைக்கும் சொல்லிடுது, ஆனா அது ட்ரெயில்ல ஒரு வகை, மூச்சு வாங்குற நீளம் வேற. சங்கப் பாட்டுல அதர்னு ஒரு அழகான சொல் இருக்கு, கல்லும் முள்ளுமா ஆபத்தான வழியைச் சொல்ற இடத்துலதான் பெரும்பாலும் வரும், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அதரோட்டம்னு எழுதிப் பாத்தா உதட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க.

என் ஓட்டு கரடுக்குத்தான். கரடுமுரடுல வர்ற அதே கரடு, சின்னப் பாறைக்குன்றுக்கும் கரடுன்னு பேரு உண்டு. வழி எப்படி வந்துச்சுன்னு சொல்லாம காலுக்கு அடியில என்ன இருக்குன்னு சொல்ற சொல் இது, ஷூ விஷயத்துல நமக்கு வேண்டியதும் அதுதான். ஓட்டத்தைக் கரட்டோட்டம்னும் ஷூவைக் கரட்டோட்டக் காலணின்னும் சொல்லலாம், பேச்சுல கரட்டு ஷூன்னா போதும். சேத்துக்கு இது பொருந்தாதேன்னு கேட்டா பொருந்தாதுதான், அதுக்குச் சேத்து ஷூன்னு தனியா வச்சுக்கலாம், உண்மையிலேயே ரெண்டும் வேற வேற ஷூதான், கீழ வர்றேன்.

காலணிங்கிறது கால்ல அணியிறது, அவ்வளவுதான், செருப்புல இருந்து பூட்ஸ் வரைக்கும் எல்லாம் அடங்கும். ஈழத்தமிழ்ல சப்பாத்துன்னு சொல்றது போர்த்துகீசிய சபாத்தோல இருந்து வந்தது, மூடின ஷூவுக்கு இன்னைக்கும் நல்லா ஓடுற சொல். சங்கப் பாட்டுல தொடுதோல்னு ஒண்ணு வருது. எல்லாத்தையும் விட எனக்கு ஆச்சரியமா இருக்கிறது பெரும்பாணாற்றுப்படையில வழிப்பயணம் போற வணிகர்களைப் பத்திச் சொல்லும்போது வர்ற அடிபுதை அரணம்ங்கிற தொடர். பாதத்தை உள்ள புதைச்சு வைக்கிற கவசம். கல்லு முள்ளு நிறைஞ்ச வழியில நடக்கிறவனுக்குப் பாதம் மூடின காலணி எதுக்குன்னு இதை விடத் துல்லியமா இன்னைக்கு எந்தக் கம்பெனி கேட்டலாக்கும் சொல்லல.

இப்போ அந்தக் கவசத்துக்குள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம். முதல் வித்தியாசம் அடியில. இங்கிலீஷ்ல லக்ன்னு சொல்ற ரப்பர் புடைப்புகளை நம்ம ஆளுங்க டயருக்குச் சொல்ற மாதிரி பட்டன்னே சொல்லிடலாம், வேலையும் டயர் பட்டன் செய்ற வேலைதான். ரோடு ஷூவுல அடிப்பக்கம் கிட்டத்தட்ட தட்டையா இருக்கும், சாதாரண கரட்டு ஷூவுல பட்டன் 3, 4 மில்லிமீட்டர் உயரம் நிக்கும், சேத்துக்குன்னே செய்றதுல 6ல இருந்து 8 வரைக்கும் போகும். உயரம் மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், இடைவெளியும் முக்கியம், பட்டனுங்க நெருக்கமா இருந்தா சேறு நடுவுல அடைச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல அடிப்பக்கம் மொழுமொழுன்னு ஆகிடும், அதனால சேத்து ஷூவுல பட்டனை அள்ளித் தெளிச்ச மாதிரி தள்ளித் தள்ளி வச்சிருப்பாங்க. நிறைய மாடல்ல முன்பக்கப் பட்டன் ஒரு திசையும் குதிகால் பட்டன் எதிர் திசையும் பாத்திருக்கும், முன்னாடி இருக்கிறது ஏத்தத்துல உந்த, பின்னாடி இருக்கிறது இறக்கத்துல பிரேக் பிடிக்க.

நனைஞ்ச பாறையில கதையே மாறிடும். அங்க பட்டன் ஆழமா இருந்தா பிரயோஜனம் இல்ல, சொல்லப்போனா தொந்தரவு, ஏன்னா கெட்டியான கல்லுக்குள்ள பட்டன் இறங்கவே முடியாது, பட்டன் நுனி மட்டும்தான் கல்லைத் தொடும், தொடுற பரப்பு குறைஞ்சு போயிடும். அங்க காப்பாத்துறது ரப்பரோட கலவை. ஒட்டிப் பிடிக்கிற மிருதுவான ரப்பர்னா நிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர்னா ரொம்ப நாள் வரும், வழுக்கும். ரெண்டையும் முழுசா ஒரே ரப்பர்ல குடுக்கிறேன்னு யாராவது சொன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

இந்தப் பட்டன் ரப்பருக்குப் பின்னாடி ஒரு துயரமான விஷயம் இருக்கு. விடாலே பிரமானின்னு இத்தாலி மலையேறி, 1935-ல ஆல்ப்ஸ்ல அவரோட போன குழுவுல ஆறு பேர் இறந்துட்டாங்க, காலணி சரியில்லாததும் ஒரு காரணம்னு அவர் நினைச்சாரு, ரெண்டு வருஷத்துல 1937-ல பட்டன் வச்ச ரப்பர் அடியைக் கொண்டு வந்தாரு. அந்த டிசைனுக்கு வச்ச பேரு கர்ரர்மாட்டோ, பீரங்கி வண்டின்னு அர்த்தம். அவர் பேரோட முன் எழுத்துகளைச் சேத்ததுதான் விப்ரம்ங்கிற கம்பெனிப் பேரு. 1954-ல கே2 சிகரத்தை முதல்ல தொட்ட இத்தாலிக் குழு கால்ல இருந்தது அந்த அடிதான். ஓடுறவங்களுக்குன்னு தனியா வந்தது வேற வழி, இங்கிலாந்துல புல் மேட்டுலயும் சேத்துலயும் ஓடுற ஃபெல் ரன்னிங்காரங்களுக்காக நார்மன் வால்ஷ் மாதிரி சின்னப் பட்டறைக்காரங்க செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, 2003-ல அதே நாட்டுல இனோவ்-8ங்கிற ஷூ கம்பெனி வந்துச்சு.

அடுத்தது ராக் ப்ளேட். முன்பாதத்துக்குக் கீழ, மெத்தைக்கும் அடி ரப்பருக்கும் நடுவுல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு, கூர்க்கல்லு மேல மிதிச்சா குத்து ஒரே இடத்துல இறங்காம பரவிடும். கல்தகடுன்னு சொன்னா கல்லால செஞ்சதுன்னு ஆகிடும், குத்துத்தகடுன்னா புரியும்னு நினைக்கிறேன். இது எல்லா மாடல்லயும் இருக்காது, மெத்தை கனமா இருக்கிற ஷூவுல தேவையும் அவ்வளவா இருக்காது. அது போக விரல் முனைக்கு ரப்பர் கவசம், லேஸுக்குக் கீழ இருக்கிற ஷூ நாக்கை ரெண்டு பக்கமும் தைச்சு மண்ணு உள்ள போகாத அமைப்பு, சீக்கிரம் கிழியாத மேல்துணி, இதெல்லாம் சொல்லிப் போற விஷயம்தான்.

சரி வேணுமா? காஞ்சு இறுகின மண் பாதைக்கு வேண்டாம், கையில இருக்கிற ரோடு ஷூவே போதும், ஒண்ணும் ஆகாது. சேறு, ஈரப்புல் சரிவு, சரளை இறக்கம் இதுல அடிக்கடி ஓடுறீங்கன்னா வேணும், அங்க ரோடு ஷூ பிடிக்காது, பிடிக்காதுன்னு தெரிஞ்சதும் உடம்பு தானா இறுகி அடிக்கு அடி பிரேக் போட்டு ஓட ஆரம்பிக்கும், வேகமும் போயிடும், தொடையும் சீக்கிரம் ஓஞ்சுடும். கூர்க்கல்லு பாதையில ஒரு மணி நேரம்னா தாங்கிக்கலாம், பத்து மணி நேரம்னா பாதம் கெஞ்சும், அங்க குத்துத்தகடு இல்லன்னா கனமான மெத்தை வேணும். மெத்தைன்னதும் இன்னொண்ணு, ரொம்ப உயரமா மெதுமெதுன்னு இருக்கிற ரோடு ஷூவைப் போட்டுட்டு மேடுபள்ளத்துல இறங்கினா கணுக்கால் பக்கவாட்டுல மடங்க வாய்ப்பு அதிகம், உயரத்துக்கு ஏத்த அகலம் அடியில இருக்கான்னு பாருங்க.

இதெல்லாம் இல்லாம ஓடவே முடியாதான்னு கேட்டா ராராமுரிகளைச் சொல்லணும். மெக்சிகோ மலைக்காரங்க, 1993-ல அமெரிக்காவுல லெட்வில் 100 மைல் ஓட்டத்துல 55 வயசு விக்டோரியானோ சுரோ டயர் ரப்பர்ல வெட்டின செருப்போட ஓடி முதலா வந்தாரு. இதை வச்சு ஷூவே ஏமாத்துன்னு வாதாடுறவங்க உண்டு, நான் அந்தக் கட்சி இல்ல. அந்தப் பாதமும் கெண்டைக்காலும் சின்ன வயசுல இருந்தே அந்தத் தரையில பழகினது, வாரம் முழுக்க நாற்காலியில உக்காந்துட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் மலைக்குப் போறவங்க அதைக் காப்பியடிச்சா வலிதான் மிஞ்சும். அந்தச் செருப்போட அடியும் ரப்பர்தான்ங்கிறதையும் அவங்க மறந்துடுறாங்க.

கரட்டு ஷூவைத் தார்ல தினம் போட்டு ஓடுறது வீண், பட்டன் மளமளன்னு தேயும், ஆழமான பட்டன்னா ஒவ்வொரு அடிக்கும் வளைஞ்சு கொடுத்து எரிச்சலா இருக்கும். தண்ணி புகாத சவ்வு போட்டதுக்கு அதிகம் குடுக்கிறதும் பெரும்பாலும் தேவையில்ல, ஓடை தாண்டும்போது தண்ணி மேல் வழியா உள்ள போயிடும், போன தண்ணி வெளிய வராது. வீட்டுல இருந்து தார் ரோட்டுலயே ஓடிப் போய் மண்ணுல இறங்குறவங்களுக்குன்னு டோர் டு ட்ரெயில்னு ஒரு வகை விக்கிறாங்க, 3 மில்லிமீட்டர் அளவுல நெருக்கமான பட்டன், ரோடு ஷூ மெத்தை. ரெண்டுங்கெட்டான்னு கிண்டல் பண்றவங்க நிறைய, ஆனா முதல் கரட்டு ஷூ எதுன்னு கேட்டா நான் அதைத்தான் சொல்வேன், சேறு சீசன் வந்து வழுக்க ஆரம்பிச்சா அப்போ சேத்து ஷூவைப் பத்தி யோசிங்க.