சான்ஸ் செரிஃப்: சொல் விளக்கம்

ஆங்கிலப் புத்தகம் எதிலாவது பெரிய ‘டி’ (T) எழுத்தைப் பாருங்கள். தண்டின் அடியில் ஒரு சிறு பீடம் இருக்கும். மேல்கோட்டின் இரு நுனிகளும் லேசாகக் கீழே இறங்கியிருக்கும். இந்த ஒட்டுக்கோடுகளுக்குத்தான் செரிஃப் என்று பெயர். அவை இல்லாமல் மொட்டையாக முடிந்தால் சான்ஸ் செரிஃப்.

‘சான்ஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது, ‘இல்லாமல்’ என்று பொருள். செரிஃப் எங்கிருந்து வந்தது என்பது உறுதியில்லை. கோடு, கீற்று என்று பொருள்படும் ஒரு டச்சுச் சொல்தான் மூலம் என்று பலரும் ஊகிக்கிறார்கள்.

இந்த வகை எழுத்து வந்தபோது இந்தப் பெயர் இல்லை. 1816இல் லண்டன் அச்செழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் காஸ்லன் தன் மாதிரிப் புத்தகத்தில் இதை ‘எகிப்தியன்’ என்று குறித்தார். அதில் பெரிய (கேப்பிடல்) எழுத்துகள் மட்டும்தான். ‘சான்ஸ் செரிஃப்’ என்ற பெயரை 1832இல் வின்சென்ட் ஃபிகின்ஸ் கொடுத்தார். அப்புறம் ‘க்ரோடெஸ்க்’ என்றார்கள், அமெரிக்காவில் ‘காதிக்’. இரண்டுமே பாராட்டுச் சொற்கள் இல்லை: முதலாவதற்கு விகாரமானது, அடுத்ததற்குப் பண்படாதது என்று பொருள். விளம்பரத் தட்டிக்குப் போதும், புத்தகத்துக்கு ஆகாது என்பதே அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தை அசைத்தவற்றில் ஒன்று லண்டன் பாதாள ரயிலின் எழுத்துரு. விளம்பரக் கூட்டத்தில் நிலையப் பெயர் தொலையக்கூடாது என்று நினைத்த அதிகாரி ஃபிராங்க் பிக், கையெழுத்துக் கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் போனார். 1916இல் எழுத்து தயார். ஜான்ஸ்டன் பழைய ரோமானியக் கல்வெட்டின் அளவுகளை எடுத்துக்கொண்டு செரிஃபை மட்டும் உதிர்த்தார். ஆனால் பட்டை நிப்பின் பழக்கம் கையை விடவில்லை. சின்ன ‘ஐ’, ‘ஜே’ தலையில் வட்டப் புள்ளிக்குப் பதில் வைரப் புள்ளி விழுந்தது. அந்த எழுத்துருவின் அடையாளமே இன்றும் அதுதான். பிறகு ‘கில் சான்ஸ்’ எழுத்துருவை வரைந்த எரிக் கில், ஜான்ஸ்டனின் மாணவர்.

ஜான்ஸ்டன் வரைந்தது பெயர்ப்பலகைக்கும் சுவரொட்டிக்கும். சிறிய அச்சுக்கு அது இடம் கொடுக்கவில்லை. 1979இல் ஜப்பானிய வடிவமைப்பாளர் எய்இச்சி கோனோ பல தடிமன்களில் அதைத் திருத்தி வரைந்தார். 2016இல் மோனோடைப் நிறுவனம் ‘ஜான்ஸ்டன்100’ செய்தது. கைப்பேசித் திரைக்காக மெல்லிய தடிமன்கள் வந்தன. 1916இல் ஜான்ஸ்டனுக்குத் தேவைப்படாத ஹேஷ்டேக் குறியும் மின்னஞ்சலின் ‘அட்’ குறியும் சேர்ந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? டைப்ஃபேஸுக்கும் ஃபான்ட்டுக்கும் ‘எழுத்துரு’ என்ற ஒரே சொல் நன்றாகவே ஓடுகிறது. செரிஃபுக்கு அப்படி ஊன்றிய சொல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ‘அலங்காரம்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, செரிஃப் வெறும் நகை அல்ல. முனையில் நிற்கும் கோடு என்பதால் ‘முனைக்கோடு’ என்பேன். சான்ஸ் செரிஃப், ‘முனைக்கோடில்லா எழுத்துரு’. பெயரிலி போலச் சுருக்கினால் ‘கோடிலி’. ஆனால் வடிவமைப்பாளரிடம் வேலை கொடுக்கும்போது சான்ஸ் செரிஃப் என்றே சொல்லுங்கள். கோடிலி என்றால் ‘அது எந்த ஃபான்ட்?’ என்று திருப்பிக் கேட்பார்.