குருட்டுக் கொக்கின் கண்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐயா காலத்து வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டித் தங்கமீனும் கோய் மீனும் விட்டிருந்தார்களாம். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் மதுரைக்குப் போய்த் திரும்பினால், பன்னிரண்டில் மூன்றுதான் மிச்சம். தண்ணீரில் ரத்தமில்லை, தரையில் ஒரு செதில்கூட இல்லை. "வீட்டுக்கு வந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அப்பத்தா சொல்கிறார்கள். அப்படியும் இருக்குமா?" என்று கேட்கிறார்.

இருக்காது. அப்பத்தா ஆறுதலுக்குச் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் இதே நம்பிக்கையைச் சொல்லி 'வாஸ்து மீன்' என்று விற்கிறார்களே, அதன்மேல் எனக்குக் கோபம் உண்டு. மீன் செத்தால் குடும்பத்துக்கு நல்லது என்று ஒருவர் நம்பிவிட்டால், அது ஏன் செத்தது என்று அவர் தேடவே மாட்டார். அடுத்த மீனும் அப்படியே போகும்.

தடயத்தைப் பார்ப்போம். பூனை பிடித்திருந்தால் பெரும்பாலும் தலையோ வாலோ கிடக்கும். முழுதாக விழுங்குகிறவை தண்ணீர்ப் பாம்பும் கொக்கும். தண்ணீர்ப் பாம்புக்கு நஞ்சில்லை. அடிக்காமல் விரட்டிவிட்டால் போதும். ஆள் நடமாட்டமில்லாத வீடு, மேலே திறந்த வானம், பளிச்சென்ற ஆரஞ்சு நிற மீன் என்று மூன்றும் சேர்ந்தால் என் சந்தேகம் குருட்டுக் கொக்கின் மேல்தான். மடையான் என்றும் சொல்வார்கள். உட்கார்ந்திருக்கும்போது மண்ணின் பழுப்பு, பறக்கும்போது சட்டென்று வெள்ளை. அத்தனை பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கண் தெரியாத பறவை என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அந்தக் கண் செய்கிற வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை.

ஒளிவிலகலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். டம்ளரில் காசைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் காசு மேலே எழும்பித் தெரியும். 12 அங்குல ஆழத்தில் உள்ள மீனை நேர் மேலிருந்து பார்த்தால் 9 அங்குலத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தொட்டி விளிம்பில் நிற்கும் கொக்கு நேர் மேலிருந்து பார்ப்பதில்லை, சாய்ந்துதான் பார்க்கிறது. பார்வை செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் அதே மீன் ஏறக்குறைய 6 அங்குலத்தில் இருப்பதாகத் தெரியும், அதாவது உண்மை ஆழத்தில் பாதி. தெரியும் இடத்தில் குத்தினால் அலகு மீனுக்கு மேலே வெறும் தண்ணீரில்தான் பாயும். கோணம் மாறமாறப் பிழையும் மாறுகிறது. அப்படியிருந்தும் கொக்கு பிடித்துவிடுகிறதே, எப்படி?

1987இல் காட்ஸிர், இன்ட்ரேட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கரைக்கொக்கு ஒன்று தண்ணீருக்குள் உள்ள இரையைக் குத்துவதைப் படம்பிடித்து அளந்தார்கள். கொக்கு முதலில் தலையை மெதுவாக நகர்த்திக்கொண்டே வருகிறது. குறிப்பிட்ட ஓர் இடம் வந்ததும் சட்டென்று வேகமெடுத்துக் குத்துகிறது. அவர்கள் முன்வைத்த விளக்கம் அழகானது. எந்தக் கோணத்திலும் பிழையைத் திருத்தும் பெரிய கணக்கைக் கொக்கு போடுவதில்லை. தெரியும் ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் உள்ள உறவு எளிய நேர்கோடாக அமைகிற இடத்துக்குத் தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. கணக்குக் கடினமாக இருந்தால், எளிதாகும் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது! மரம்போல நிற்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் அதற்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இனி மீனின் பக்கம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால், 180 பாகை வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கிவிடும். 12 அங்குல ஆழத்து மீனுக்கு அந்த வட்டம் நீர்ப்பரப்பில் சுமார் 27 அங்குலக் குறுக்களவு. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோலத் தொட்டியின் அடித்தரையைத்தான் காட்டும். வட்டத்தின் ஓரத்தில் நெரிசல் இன்னும் மோசம். தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரம்வரை உள்ளதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஒரு பாகைப் பட்டைக்குள் நசுங்கிவிடுகிறது. ஆறடி தள்ளி, ஓரடி உயரத்துக்குக் குனிந்து மெல்ல வரும் கொக்கு அந்தப் பட்டைக்குள்தான் வருகிறது. அது கிட்டே வந்து தெளிவாகத் தெரியும்போதோ அசைவற்று நின்றுவிடுகிறது.

கொக்கின் கோணத்தை அளப்பதற்கெல்லாமா பணம் என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நாளைக்கே வருமானம் வருமா என்று பார்த்தா கொடுத்தார்? செட்டிநாட்டு ஊருணிகளில் எந்தப் பறவை எங்கே நின்று மீன் பிடிக்கிறது என்று நம் கல்லூரி மாணவர்கள் அளப்பதற்கும் யாராவது கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது தொட்டிக்கு வருவோம். கொக்குக்கு நிற்க இடம் வேண்டும். ஊருணியில் அது படித்துறையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிக்குள் படியோ சாய்வோ இருந்தால் எடுத்துவிட்டுச் சுவரைச் செங்குத்தாக்குங்கள். ஆழம் மூன்றடி இருக்கட்டும். நீர்மட்டம் விளிம்புக்கு ஒரு சாணாவது கீழே நின்றால் அலகு எட்டும் தூரம் அந்த அளவுக்குக் குறையும். அல்லி வளர்த்துப் பாதிப் பரப்பை இலையால் மூடலாம். பரணில் கிடக்கும் பழைய மண்பானை இரண்டை அடியில் படுக்கப் போட்டால் மீனுக்கு ஒளிவிடம். சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சலசலக்க விட்டால், நீர்ப்பரப்பின் சரிவு நொடிக்கு நொடி மாறி, மீன் இருக்கும் இடமும் ஆடி ஆடித் தெரியும். கொக்கு தேடிப்போகும் அந்த எளிய இடம் அங்கே கிடைக்காது. பிளாஸ்டிக் கொக்கு, தொங்கவிடும் பழைய சிடி எல்லாம் சில நாள் பயமுறுத்தும், பிறகு பழகிவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்களுக்கு வலைதான் உறுதி. நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் மேலே, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கினால் வலை வழியாகவே குத்திவிடும், பாம்பும் சிக்கிச் சாகும்.

கண்ணி, விஷம் வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொக்கையும் காக்கிறது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. வலையைக் கட்டிவிட்டு, மிச்சமுள்ள மூன்று மீனையும் ஒரு வாரம் பாருங்கள். கொக்கு திரும்ப வரும். தூணுக்குப் பின்னால் நின்று, அது தலையை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.