கடைசி பெஞ்சில் ஒரு இடம்

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க பி.எட். கேட்கிறார்கள். கல்லூரியில் கணக்கு எடுக்க முதுகலையோடு நெட், செட் என்ற தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. இருந்தால் போதும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. சேரும் நாளன்று கையில் கிடைப்பது சிலபஸும் டைம்டேபிளும்தான்.

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன, சென்னைப் பல்கலைக்கழகத்திலும்தான். பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு தரமணியில் 1964 முதல் தனி நிறுவனமே இருக்கிறது. நானும் புத்தொளிப் பயிற்சிக்கு (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) போயிருக்கிறேன். நல்ல பேச்சாளர்கள், நல்ல சாப்பாடு. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக வந்தவர்களே அதிகம் (நானும் அப்படித்தான்). ஊர் திரும்பி வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆள் கிடையாது.

சென்னையில் 24 வருடமாகப் பொருளாதாரம் எடுக்கிறேன். ஆறு வருடமாக, இளம் ஆசிரியர்கள் கேட்டால் அவர்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறேன். முதல் தடவை சொதப்பினேன். ஒரு பெண் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் துறைத் தலைவர் இருக்கும்போதே பதினான்கு குறைகளை வரிசையாக வாசித்தேன். அந்த செமஸ்டர் முழுக்க அவர் என் பக்கமே வரவில்லை. எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை.

இப்போதெல்லாம் முதல் நாளே டீ குடித்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்பேன்: “நான் எதைப் பார்க்கணும், சார்?” அவர் சொல்வதை மட்டும் பார்ப்பேன். எழுதுவது நேரத்தையும் நடந்ததையும்தான். நல்லது கெட்டது எழுதுவதில்லை.

ஓர் இளம் ஆசிரியர், “கேள்வி கேட்டா யாருமே வாய் திறக்க மாட்டேங்கிறாங்க மேடம்” என்றார். போய் உட்கார்ந்தேன். தேவை நெகிழ்ச்சி நடத்தினார்; விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்கிற பாடம், ஆங்கிலத்தில் எலாஸ்டிசிட்டி. உதாரணம், புத்தகத்தில் உள்ள சொகுசுக் கார். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி தொடங்குவார். என் பக்கத்துப் பெண் தமிழ் வழியில் படித்து வந்தவள். காதில் விழுந்ததை ‘எலாஸ்டிசிட்டி’ என்று தமிழிலேயே எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்கு அண்ணாந்து பார்த்தாள். அவர் ஒன்பது கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நொடிக்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

தாளைக் காட்டியபோது அவரால் நம்ப முடியவில்லை. இது அவர் ஒருவருடைய பழக்கம் இல்லை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளில் இதை அளந்தார்: கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

அடுத்த வாரம் அவர் காரை விட்டுவிட்டு கேன் தண்ணீரைக் கேட்டார்: விலை பத்து ரூபாய் ஏறினால் என்ன செய்வீர்கள்? அமைதி. மனதுக்குள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. ரயில் ஒன்று போனது. அப்புறம் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பையன்: “வாங்கித்தான் சார் ஆகணும். பானி பூரின்னா நிறுத்திடுவோம்.” அன்றைய பாடமே அதுதான்.

அடுத்து, செமஸ்டர் முடிவில் வாங்கும் ஃபீட்பேக். அதைப் படித்து ஆசிரியர் திருந்தினாலும், எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு என்ன லாபம்? ஐந்தாவது வாரத்திலேயே அரைத்தாள் கொடுத்து, எது புரிகிறது, எது தடுக்கிறது என்று பெயர் போடாமல் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள். மறு வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள், எதை ஏன் மாற்ற முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை வெற்றுத்தாள்தான் வரும்.

ஃபீட்பேக்கில் பிள்ளைகள் ஆசிரியருக்குப் போடும் மார்க்கை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடுவதும் சரியில்லை. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டுப் பழகிய மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள்; ஆனால், சரளமான விரிவுரை கேட்டபோதுதான் நிறையக் கற்றதாக நினைத்தார்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒன்று. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்கு. அதற்கு மேலும் ஏற்றி, அட்மிஷன் நேரத்தில் பள்ளி பள்ளியாக அனுப்பிவிட்டு, புதுமையாக நடத்து என்றால் எப்படி? சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார, மாதம் இரண்டு பீரியடையாவது டைம்டேபிளில் ஒதுக்கித் தாருங்கள்.

எங்கள் துறைத் தலைவர் இன்றும் கேட்பார்: “மேடம், ரிப்போர்ட் எங்கே? ஃபைலில் வைக்கணுமே.” ரிப்போர்ட் கிடையாது சார், அந்தத் தாள் அந்த ஆசிரியருக்கு மட்டும்தான் என்பேன். கல்லூரிக்குத் தரமதிப்பீடு போட வரும் நாக் குழுவுக்கு எதைக் காட்டுவது என்று அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான்.