நேரடிப் பண உதவி: ஒரு சொல் விளக்கம்

தானியமாகவோ விதையாகவோ உரமாகவோ அல்லாமல், விலைக் குறைப்பாகவும் அல்லாமல், திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவும் அல்லாமல், ஒரு குடும்பத்தின் கையிலோ கணக்கிலோ பணமாகவே கொண்டு சேர்க்கப்படும் உதவியை ஆங்கிலத்தில் ‘டைரக்ட் கேஷ் டிரான்ஸ்ஃபர்’ என்கிறார்கள். தமிழில் இதற்கு நேரடிப் பணப் பரிமாற்றம், நேரடி மானியம், நிதியுதவி, உதவித்தொகை, நிவாரணம் எனப் பல சொற்கள், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றாக, செய்திகளிலும் அறிவிப்புகளிலும் புழங்குகின்றன. எந்தச் சொல்லை எடுத்தாள்கிறோமோ அதற்கேற்ப, ஏழை உழவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது பற்றிய நம் எண்ணமும் மாறிவிடுவதால், இவற்றைப் பிரித்தறிவது தேவையாகிறது.

முதலில் ‘கேஷ்’. கைப்பணம் என்ற பொருளில் வழங்கும் இந்த ஆங்கிலச் சொல், பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் ‘காப்ஸா’விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணம் வைக்கும் பெட்டியைக் குறித்த பெயர், நாளடைவில் பெட்டிக்குள் இருந்த பணத்தையே குறிக்கலாயிற்று. இதே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. கீழை நாடுகளில் வழங்கிய மதிப்புக் குறைந்த நாணயங்களைக் குறிக்கும் அந்தச் சொல்தான் நம்முடைய ‘காசு’. போர்ச்சுக்கீசியர் வாயில் உருமாறி ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே ‘கேஷ்’ தமிழ்ச் சொல் என்று பெருமிதத்தோடு சொல்லப்படுவது பாதி உண்மையே. ‘காசு’ என்ற சொல்லின் பழமைக்கோ இந்தப் பெருமிதத்தின் துணை தேவையில்லை. கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, பொற்கொல்லர் நகநுனியில் பிடித்து நூலில் கோக்கும் பொற்காசுக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 67ஆம் பாட்டு. சோழர் கல்வெட்டுகளில் காசு என்பது கணக்கிட்டுப் பதியப்பட்ட நாணயம்.

‘டிரான்ஸ்ஃபர்’ என்பதற்கு, இலத்தீன் வேர்ப்படி, அப்பால் சுமந்து செல்லுதல் என்று பொருள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, ஒரே திசையில். இங்கேதான் ‘பரிமாற்றம்’ பொருந்தாமல் போகிறது. கருத்துப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றம், கடிதப் பரிமாற்றம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் இரு தரப்பும் கொடுத்து வாங்குகின்றன. உழவர் குடும்பம் இந்தப் பணத்துக்கு ஈடாக எதையும் கொடுப்பதில்லை. வங்கிகளுக்கிடையே பணம் நகரும் தொழில்நுட்பத்தைக் குறிக்க வேண்டுமானால் ‘பணப் பரிமாற்றம்’ இருந்துவிட்டுப் போகட்டும். உதவியின் பெயராக அது தகாது.

‘மானியம்’ இன்னும் ஆழமான சிக்கல். மதிக்கத்தக்கது என்று பொருள்படும் வடசொல்லான ‘மான்ய’ என்பதிலிருந்து வந்த இது, கோயிலுக்கோ கற்றறிந்தவர்க்கோ ஊர்ப்பணி செய்தவர்க்கோ வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. முழு வரி நீக்கத்துக்குச் சர்வமானியம் என்று பெயர். இதற்கு இணையான தமிழ்ச் சொல்லாகக் கல்வெட்டுகள் காட்டுவது ‘இறையிலி’. ஆக, மானியம் என்பது அரசு தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுப்பது. பெறுபவரின் தகுதியைப் போற்றி விட்டுக்கொடுப்பது. இன்று சட்டமன்றத்தில் ‘மானியக் கோரிக்கை’ என்னும்போது துறைக்கான நிதி ஒதுக்கீட்டையும், ‘உர மானியம்’ என்னும்போது விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்பதையும் குறிக்கிறோம். உர மானியத்தில் உதவி அந்த மூட்டையோடு கட்டுண்டு கிடக்கிறது. உரம் வாங்க முடிந்தவருக்கே அது எட்டும். நிறைய வாங்குபவருக்கு நிறையக் கிடைக்கும். களையெடுக்கக் கூலிக்குப் பணமில்லாமல் தவிப்பவருக்கு அதனால் பயனில்லை.

பணமாகத் தரப்படும் உதவி வேறு வகையில் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, குறைந்த வருமானமுள்ள உழவர் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். செலவு விதைப்பில் தொடங்கி மாதக்கணக்கில் தொடர்கிறது. வரவோ அறுவடை முடிந்த சில வாரங்களில் மட்டும் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் முந்தைய விளைச்சல் தீர்ந்துவிடுவதால், சொந்த வயலுக்கு ஆள் தேவைப்படும் அதே நாள்களில் அந்தக் குடும்பத்தினர் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறார்கள். தன் வயலில் களை தாமதமாக எடுக்கப்படுகிறது, மேலுரம் பருவம் தவறிப் போடப்படுகிறது, விளைச்சல் குறைகிறது. விதையையும் உரத்தையும் கடனாகக் கொடுத்த வியாபாரியே விளைச்சலையும் எடுத்துக்கொள்ளும் இடங்களில், விலையைச் சொல்பவரும் அவராகவே இருக்கிறார். அறுவடை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழுந்து கிடக்கும். இரண்டு மாதம் பொறுத்தால் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தும் பொறுக்க வழியில்லை. நோயோ சாவோ நேர்ந்தால் ஆடோ மாடோ விலைபோகிறது, அல்லது படிக்கும் பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுகிறது.

இத்தகைய குடும்பத்துக்குப் பருவம் தவறாமல் வந்து சேரும் சிறு தொகை, அதன் அளவை மீறிய பயனைத் தருவது இதனால்தான். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் அன்றாடக் கூலி வேலைக்குக் ‘கன்யு’ என்று பெயர். அங்கே ‘ம்சிஞ்சி’ மாவட்டத்தில் 2006இல் மிக வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் வழங்கத் தொடங்கியபோது, பெரியவர்கள் கன்யுவைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் உழைப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மண்வெட்டி போன்ற கருவிகளும் ஆடு கோழிகளும் அக்குடும்பங்களில் கூடின. பணம் கொடுத்தால் உழைப்பு குறையும் என்ற அச்சத்துக்கு இது நேரான விடை. அவர்களின் உழைப்பு அடுத்தவர் வயலிலிருந்து தம் வயலுக்குத் திரும்பியது.

மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ‘ப்ரோக்ரேசா’ திட்டம், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதையும் மருத்துவப் பரிசோதனைக்கு வருவதையும் நிபந்தனையாக்கித் தாய்மார் கையில் பணம் கொடுத்தது. படிப்புக்கும் உடல்நலத்துக்கும் என்று வகுக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், 18 மாதங்களுக்குப் பின் குடும்பங்களின் வேளாண் வருமானம் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்திருந்தது. வந்த பணத்தில் பெரும்பகுதியை உண்பதற்கும் உடுப்பதற்கும் செலவிட்டு, மீதியைக் கால்நடையிலும் நிலத்திலும் போட்டதே காரணம். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பணம் எப்படிப் பிரித்துத் தரப்படுகிறது என்பதும் பயனை மாற்றுகிறது. மேற்குக் கென்யாவில் ‘கிவ்டைரக்ட்லி’ என்ற அமைப்பு, ‘எம்-பெசா’ கைப்பேசிப் பணச் சேவை வழியாக, நிபந்தனை ஏதுமின்றி உதவியது. 2016இல் வெளியான ஆய்வின்படி, மாதாமாதம் பெற்ற வீடுகளில் உணவுத் தட்டுப்பாடு கூடுதலாகக் குறைந்தது. மொத்தமாகப் பெற்றவர்கள் நாள்பட நிற்கும் பொருள்களில் பணத்தைப் போட்டார்கள். அவற்றுள் குறிப்பிடத்தக்கது தகரக் கூரை. கூரைக்குப் புல் மாற்றும் செலவு மீண்டும் மீண்டும் வருவதால், ஒருமுறை தகரம் போட்டுவிட்டால் பின்வரும் ஆண்டுகளிலெல்லாம் அந்தப் பணம் மிச்சம். வெளியிலிருந்து திட்டம் தீட்டுபவர் எவருக்கும் எளிதில் தோன்றாத முதலீடு இது. வீட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

அந்நாட்டின் சியாயா பகுதியில் 653 ஊர்களில் நடந்த மற்றொரு பெரிய ஆய்வு, சுமார் 10,500 குடும்பங்களுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டாலர் வழங்கப்பட்டபோது பணம் பெறாத அண்டை வீட்டாரும் பயனடைந்ததைக் காட்டியது. கொடுக்கப்பட்ட ஒவ்வொரு டாலரும் வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது. விலைவாசியோ மிகச் சிறிதே ஏறியது. ‘ஏழை கையில் பணம் கொடுத்தால் குடித்தே அழிப்பான்’ என்ற பேச்சையும் இங்கே சேர்த்தே சொல்லிவிட வேண்டும். பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கை, உதவிப் பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை என்றே கண்டது. இந்தச் சந்தேகத்தை எழுப்புவோர் கடன் தள்ளுபடி பெறும் பெரு நிறுவனங்களிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், ‘நேரடிப் பண உதவி’ என்பதே பொருத்தமான தமிழ்த் தொடர் என்பது என் முடிபு. ‘உதவி’, உதவு என்ற வினையடியாகப் பிறந்த தமிழ்ச் சொல். திருப்பிக் கேட்காமல் தருவது என்பதை அது தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ‘பணம்’ என்ற சொல், எதை வாங்குவது என்ற முடிவு பெறுபவருடையது என்பதைக் காட்டுகிறது. ‘நேரடி’ என்பது இடையில் ஒப்பந்தக்காரரோ கடைக்காரரோ இல்லாததைச் சொல்கிறது. நாற்றங்கால் இல்லாமல் வயலிலேயே விதைப்பதை ‘நேரடி விதைப்பு’ என்று சொல்லும் உழவர்க்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் படிப்பு போன்ற கட்டுப்பாடு இருந்தால் ‘நிபந்தனையுடைய பண உதவி’ என்றும், இல்லாவிட்டால் ‘நிபந்தனையற்ற பண உதவி’ என்றும் பிரித்து எழுதலாம். ‘நிவாரணம்’ என்பதற்குத் தடுத்தல், விலக்கல் என்பது வேர்ப்பொருள். வெள்ளம், வறட்சி போன்ற பேரிடருக்குப் பின் தரப்படுவதற்கே அதை ஒதுக்கி வைப்பது நல்லது. ‘உதவித்தொகை’ கல்விக்கும் முதியோருக்கும் ஏற்கெனவே உரியதாகிவிட்டது.

இத்தொடரைப் பயன்படுத்துகையில் ஓர் எச்சரிக்கை தேவை. பணம் வாங்க முடியாததை இந்த உதவியும் வாங்கித் தராது. நல்ல விதை கடைக்கே வராத இடத்திலும், சாலையோ பாசனக் கால்வாயோ இல்லாத இடத்திலும், கையில் பணம் இருந்தும் உழவர் அப்படியேதான் நிற்பார். தொகை பல ஆண்டுகள் மாறாமலிருந்தால் விலைவாசி அதைத் தின்றுவிடும். மேலும், உதவி யாருடைய பெயருக்கு வருகிறது என்ற கேள்வியைச் சொல் மறைத்துவிடக் கூடாது. 2019இல் இந்திய அரசு தொடங்கிய ‘பிஎம்-கிசான்’ திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் வரவு வைத்தது. அதற்கான தகுதி நில உரிமையே. குத்தகைக்கு எடுத்து உழுபவர், விதையும் உரமும் கூலியும் தம் கையிலிருந்து போட்டாலும், பட்டா தம் பெயரில் இல்லாததால் பட்டியலில் இடம்பெறுவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் வாழ்பவர் இடம்பெற முடிகிறது. நிலம் கணவர் பெயரில் இருந்தால், பாதி வேலையைச் செய்யும் மனைவியின் கணக்குக்கும் அது வருவதில்லை. இவ்வாறு பட்டாவைப் பின்தொடர்ந்து செல்லும் தொகையை ‘நில உடைமையாளர் உதவி’ என்று எழுதுவதே நேர்மை. ‘உழவர் உதவி’ என்ற பெயர், மண்ணில் இறங்கி உழுபவருக்கு அது சென்று சேரும் திட்டங்களுக்கே உரியது.