வாக்குத்தத்த அட்டையும் மாத்திரை அட்டையும்

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை நடுவில் விட்டுவிடப் பல காரணங்கள் உண்டு. கூலி போகிறது, குமட்டுகிறது, குடியை விட முடியவில்லை, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். சேலத்தில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கும் நான் அடிக்கடி பார்க்கிற இன்னொரு காரணமும் உண்டு. மத விஷயம், எதற்கு வம்பு என்று நாங்கள் அதைப் பற்றிப் பேசாமல் ஒதுங்கிவிடுகிறோம். நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் உட்காருகிறவன்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான வாக்காக ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகள் பலவற்றில் வழக்கம். ஜனவரியில் வருகிறவர்களின் மருந்துப் பையில் அதைப் பார்ப்பேன். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா, மாத்திரை அட்டைகளையும் அதையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். மாத்திரைகளில் பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

“கர்த்தர் சுகம் குடுத்துட்டாருங்க சார். இருமல் நின்னுபோச்சு, எடையும் கூடியிருக்குது. இன்னும் மாத்திரை போட்டா நான் அவரை நம்பலைன்னு ஆயிடாதுங்களா?”

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து கேட்கிற கேள்வி. “அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா” என்று சொன்னால் அடுத்த மாதம் வரமாட்டார்.

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. முதல் 2 மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகள், வேகமாகப் பெருகும் கிருமிகளைச் சீக்கிரமே கொன்றுவிடும். இருமல் அடங்கும், பசி எடுக்கும். ஆனால் காசநோய்க் கிருமி மற்றக் கிருமிகளைப் போல அல்ல. 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும் கிருமிகள் உண்டு. இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதிலும் ஒரு பகுதி பெருகாமல் முடங்கிக் கிடக்கும். அவற்றின் மேல் மருந்து வேலை செய்ய நாளாகும் என்பதால்தான் அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். உடம்பு தேறியதும் நிறுத்தினால் மிஞ்சியவை மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால், மருந்தைத் தாங்கக்கூடிய கிருமிகள் தலைதூக்கிவிடலாம். அப்போது வழக்கமான மருந்து கேட்காது. அந்த வகைக் கிருமியே வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றலாம்.

சரி, விசுவாசம்? அந்த அம்மாவிடம் வேதாகமத்தில் வரும் எசேக்கியா ராஜாவைப் பற்றிக் கேட்டேன். கதை அவருக்குத் தெரிந்திருந்தது. சாகக் கிடந்தவருக்கு ஆயுளில் 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசிதான், அத்திப்பழ அடையைப் அவருடைய பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போடவும் சொல்கிறார். பற்றுப் போட்டுக்கொண்டதால் ராஜா அவிசுவாசி என்று யாரும் சொன்னதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது, அதே வேதாகமத்தில் வரும் பவுல் அப்போஸ்தலரின் கப்பல் பயணம். புயலில் 14 நாள் சோறு தண்ணி இல்லாமல் அலைகிறார்கள், கப்பலில் 276 பேர். ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று பவுலுக்கு வாக்கு கிடைத்தாகிவிட்டது. ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கதிபதியிடம் சொல்கிறார். அப்புறம் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார், பிழைப்பதற்கு அது வேண்டும் என்கிறார். வாக்கு கிடைத்த மனுஷனே ஆள் வேண்டும், சோறு வேண்டும் என்கிறார்! புயல் நிற்கவில்லை. கப்பலும் உடைந்துதான் போனது. நீந்தியவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக் கரையேறினார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எல்லா மாத்திரையும் சாப்பிட்டும் பிழைக்காதவர்கள் உண்டு. முற்றிய நிலையில் வருகிறவர்களிடம் அதைப் பார்க்கிறோம். ஆகவே அந்த அட்டையை நான் குணமானதற்கான சான்றிதழாக வாசிப்பதில்லை. ‘உன்னோடு இருக்கிறேன்’ என்பதுதான் அதில் பெரும்பாலும் இருக்கும் வசனம். ஆறு மாதம் தினமும் மாத்திரை விழுங்க, எஸ்டேட் லைன் வீட்டில் தட்டைத் தனியாக வைக்கும் சொந்தக்காரர்களைத் தாங்க, அந்தத் துணை வேண்டியிருக்கிறது.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரையைத் தூக்கி எறிந்தேன் என்ற சாட்சிக்கு நம் சபைகளில் அல்லேலூயா சத்தம் கூரையைப் பிளக்கிறது. ஆறு மாதம் முழுசாக முடித்தேன் என்று ஒருவர் எழுந்து நின்றால் அதற்கும் அதே சத்தம் கேட்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே வாருங்கள்.

நடுவில் நிறுத்திவிட்டவர்கள், டாக்டர் திட்டுவார் என்று வராமல் இருந்துவிடாதீர்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்று உள்ளபடி சொல்லுங்கள். அதை வைத்தும் சளியை மறுபடி சோதித்தும்தான் எந்த மருந்து, எவ்வளவு காலம் என்று முடிவு செய்வோம். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு வாருங்கள்.